காலப்பேழையைத் திறக்கும் மொழி

1938-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், நியூயார்க் நகரின் ஃப்ளஷிங் மெடோஸ் திடலில் ஏழரை அடி நீளமுள்ள செப்புக் கலவைக் குழல் ஒன்று ஐம்பது அடி ஆழத்தில் இறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கே நடைபெறவிருந்த உலகக் கண்காட்சியை முன்னிட்டு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த ஏற்பாடு அது. ஐயாயிரம் ஆண்டுகள் கழித்து, 6939-இல் அதனைத் திறக்க வேண்டும் என்பது கட்டளை. அந்நிறுவனத்தைச் சேர்ந்த பென்ட்ரே என்பார் அக்குழலுக்கு இட்ட பெயரே 'டைம் கேப்ஸ்யூல்'. நாம் அதனைக் காலப்பேழை என்போம்.

பேழையுள் வைத்த பொருள்களின் பட்டியல் பலரும் அறிந்தது. விதைகள், துணிகள், நாணயங்கள், அன்றாடப் பயன்பொருள்கள், நூல்களையும் இதழ்களையும் சிறு வடிவில் பதித்த நுண்படச் சுருள்கள் எனப் பலவும் அதனுள் உள்ளன. நம் கருத்தைக் கவர்பவை வேறு இரண்டு. நுண்படச் சுருளைப் படிக்க உதவும் சிறு உருப்பெருக்கி ஒன்றையும் உடன் வைத்தனர் என்பது முதலாவது. 'பதிவு நூல்' என்றொரு நூலை அச்சிட்டு, மூவாயிரத்திற்கும் மேற்பட்ட படிகளை உலகெங்கும் உள்ள நூலகங்களுக்கும் மடங்களுக்கும் அனுப்பி வைத்தனர் என்பது இரண்டாவது. பேழை எவ்விடத்தில் புதைந்துள்ளது என்பதை அந்நூல் கூறும். அதனோடு, ஆங்கில மொழியை ஒலிப்பது எப்படி, பொருள் கொள்வது எப்படி என்று கற்பிக்கும் திறவுகோல் பகுதி ஒன்றும் அதில் உண்டு. அதனை எழுதியவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இனவியலறிஞர் ஜான் ஹாரிங்டன். அமெரிக்கத் தொல்குடியினரின் அழிந்துவரும் மொழிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தவர் அவர். ஒரு மொழி மறையக்கூடும் என்பதை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருந்திருக்காது.

எழுபது ஆண்டுகள் கழிந்தன. 2008-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்டு மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதே பெயரில் வேறொரு பேழையை அறிமுகம் செய்தார். வெண்ணிறச் சதுரப் பெட்டி அது. உள்ளே ஒரு வன்தட்டும், கம்பியில்லா வலையமைப்பை நடத்தும் ரௌட்டரும் ஒருங்கே அமைந்திருந்தன. 500 ஜிபி கொள்ளளவு உள்ளது 299 டாலர்; 1 டெராபைட் உள்ளது 499 டாலர். அதே மேடையில், அஞ்சல் உறையிலிருந்து உருவி எடுக்கப்பட்ட மேக்புக் ஏர் கணினிதான் மறுநாள் செய்தித்தாள்களில் இடம்பிடித்தது. ஆயினும் இரண்டிற்கும் உறவுண்டு. அம்மெல்லிய கணினியில் வலைக்கம்பி செருகும் துளையே கிடையாது. யுஎஸ்பி துளையும் ஒன்றே ஒன்று. கம்பியில்லாக் கணினிக்குக் கம்பியில்லாக் காப்புப் பெட்டி வேண்டுமல்லவா?

தமிழ் பயிற்றும் நமக்கு இப்பெட்டியோடு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். நம் குழு நண்பர் ஒருவர் இல்லத்திற்கு, வெளிநாட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்த உறவினர் வழியாக, 2011-ஆம் ஆண்டின் காலப்பேழை ஒன்று அண்மையில் வந்து சேர்ந்தது. பழைய நிழற்படங்களும், முனைவர்பட்ட ஆய்வின் வரைவுகளும், கல்வெட்டுப் படங்களும் கொண்ட பேழை. அதைத் தம் வீட்டு வலையமைப்பில் சேர்க்கலாமா, சேர்த்தால் நம்பலாமா என்று நண்பர் கேட்டார். ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் விடையளித்திருக்கலாம். அப்பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபின் அது இயலவில்லை.

வரலாறு 1999-இலிருந்து தொடங்குகிறது. அவ்வாண்டு சூலைத் திங்களில் ஐபுக் என்னும் மடிக்கணினியோடு ஏர்போர்ட் என்ற கம்பியில்லா நிலையத்தை ஆப்பிள் வெளியிட்டது. கணினிக்கும் சுவருக்கும் இடையே கம்பி ஏதுமில்லை என்று காட்ட, ஐபுக்கை ஒரு வளையத்தினூடே செலுத்திக் காட்டினார் ஜாப்ஸ். வேகம் நொடிக்கு 11 மெகாபிட். தொலைபேசி வழி இணையம் நிலவிய காலமாதலால் 56கே மோடமும் அந்நிலையத்தின் உள்ளேயே இருந்தது. பின்னர் 2003-இல் ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம், 2004-இல் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் எனக் குடும்பம் பெருகிற்று.

மறுபக்கம், 2007 அக்டோபர் 26-இல் வெளியான லெப்பர்டு இயங்குதளம் டைம் மெஷின் என்னும் காப்புநகல் வசதியைக் கொணர்ந்தது. காப்பு நகல் எடுக்க வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த அறிவுரை, கடைப்பிடித்தோர் சிலர். டைம் மெஷின் அவ்வேலையை மனிதன் நினைவிலிருந்து நீக்கிவிட்டது. கடந்த 24 மணி நேரத்திற்கு மணிக்கொரு நகல், கடந்த ஒரு மாதத்திற்கு நாளுக்கொரு நகல், அதற்கு முந்தைய காலத்திற்கு வாரத்திற்கொரு நகல் என்று தட்டு நிரம்பும் வரை அது சேர்த்து வைக்கும். நிரம்பினால் மிகப் பழையதைக் கழிக்கும். மாறாத கோப்பை மறுபடி எழுதாமல், முன்பே உள்ளதைச் சுட்டிக்காட்டி இடத்தை மிச்சப்படுத்தும். எளிய மக்களுக்கென இவ்வளவு நேர்த்தியாக அமைந்த காப்பு முறை அதற்குமுன் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. இவ்வசதியும் ஏர்போர்ட்டும் ஒரே உறைக்குள் புகுந்ததே 2008-இன் காலப்பேழை.

அதன் குறைகளும் விரைவிலேயே வெளிப்பட்டன. முதற்காலப் பெட்டிகள் பல ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் உயிர்விட்டன. திறந்து பார்த்தவர்கள் மின்வழங்கு பகுதியின் மின்தேக்கிகள் உப்பிப் பழுதாகியிருந்ததாகப் பதிந்தனர். 2008 பிப்ரவரிக்கும் சூனுக்கும் இடையே விற்றவற்றுள் சில இயங்காமற் போகக்கூடும் என்று 2010-இல் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, பழுது நீக்கித் தரவும் மாற்றித் தரவும் முன்வந்தது. இதனை நாம் பெருங்குறையாகக் கொள்ளவில்லை. மின்தேக்கியை மாற்றலாம், தட்டு பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

நம்மை உறுத்தியது வேறொன்று. வலைவழிக் காப்புநகல் தட்டில் தனித்தனிக் கோப்புகளாகக் கிடப்பதில்லை. 'ஸ்பார்ஸ் பண்டில்' என்னும் உறைக்குள், எட்டு எட்டு மெகாபைட் துண்டுகளாகக் கிடக்கின்றது. நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போது வைஃபை துண்டித்தாலோ, மடிக்கணினியை மூடிவிட்டாலோ, அத்துண்டுகளின் ஒழுங்கு குலைய வாய்ப்புண்டு. டைம் மெஷின் அவ்வப்போது சரிபார்க்கும். குலைவைக் கண்டுவிட்டால், நம்பகத்தன்மையின் பொருட்டுப் புதிய நகல் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று அறிவிக்கும். புதியது தொடங்கும்போது பழையது போய்விடும். அஃதாவது, மூன்றாண்டு வரலாறு ஒரு பிற்பகலில் முதல் நாளுக்குத் திரும்பும். பழையதைக் காப்பதற்கென்றே பிறந்த கருவி பழையதைத் துறந்தே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இந்நிலையை மேகப் பயனர் பலர் கண்டிருப்பர்.

2009-இலும் 2011-இலும் திருத்தங்கள் வந்தன. 2013-இல் உயர்ந்த கோபுர வடிவில் ஐந்தாம் தலைமுறை, 802.11-ஏசி என்னும் விரைவு முறையோடு வந்தது. அதுவே கடைசி. 2018 ஏப்ரலில் ஏர்போர்ட் குடும்பம் முழுவதையும் நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தது.

இனி நண்பரின் வினாவிற்கு வருவோம். பழைய பேழையைப் புதிய வலையமைப்பில் சேர்ப்பதென்றால், அது மூன்று மொழிகளில் உரையாட வேண்டும். வானலையில் பேசும் மொழி ஒன்று. முகவரி வழங்கும் மொழி ஒன்று. கோப்புகளைக் கொடுத்து வாங்கும் மொழி ஒன்று. மூன்றும் வேறு வேறு வேகத்தில் மூப்படைந்துள்ளன.

வானலை மொழியின் மூப்பு யாவரும் அறிந்ததே. முதலில் வழங்கிய டபிள்யூஇபி என்னும் பூட்டின் பலவீனத்தை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் 2001-இல் நிறுவினர். 2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் டபிள்யூபிஏ-2, 2018-இல் டபிள்யூபிஏ-3 எனப் பூட்டுகள் மாறின. காலப்பேழை இரண்டாம் பூட்டோடு நின்றுவிட்டது. மூன்றாவதை மட்டுமே ஏற்குமாறு அமைத்த வீட்டு வலைக்குள் அது வானலை வழியே நுழைய இயலாது. ஆகவே அதன் வைஃபையை அணைத்துவிட்டு, கம்பியால் ரௌட்டரோடு பிணைப்பதே தக்கது. இதனால் இழப்பொன்றும் இல்லை. மேற்சொன்ன துண்டிப்பு அச்சமும் பாதி குறையும். முதல் நகலுக்கோ கணினியையும் கம்பியில் இணைத்துவிடுவது நலம். நொடிக்கு 10 மெகாபைட் வீதம் சென்றாலும் 300 ஜிபி கடக்க எட்டு மணி நேரத்திற்கு மேலாகும். சிறு கோப்புகள் மலிந்திருந்தால் இன்னும் நீளும்.

முகவரி மொழி எளியது. காலப்பேழை தானும் ஒரு ரௌட்டர் என்பதை மறவாதிருந்தால் போதும். ஏற்கெனவே ஒரு ரௌட்டர் உள்ள வீட்டில் இதையும் அப்படியே செருகினால், ஒரு வீட்டிற்கு இரண்டு நாட்டாமைகள் என்ற நிலை ஏற்படும். இருவரும் தனித்தனியே முகவரி வழங்குவர். ஒருவரிடம் முகவரி பெற்ற கருவிக்கு மற்றவரிடம் உள்ள அச்சுப்பொறி தென்படாது. பேழையின் விளக்கு மஞ்சளாய் மினுங்கிக்கொண்டே இருக்கும். முன்னைய உரிமையாளரின் கடவுச்சொல் தெரியாவிடில், பின்புறமுள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடித்து அமைப்புகளை அழித்துவிட்டு, ஏர்போர்ட் யுடிலிட்டி மென்பொருளில் ரௌட்டர் பணியை நிறுத்தி 'பிரிட்ஜ்' நிலையில் வைக்க வேண்டும். அமைப்புகள் அழிந்தாலும் தட்டில் உள்ளவை அழிவதில்லை. பின் விளக்கு பச்சையாகும். நாட்டாமைப் பதவியைத் துறந்து, தட்டை மட்டும் ஏந்தி ஓர் ஓரத்தில் அமர்ந்திருக்கும் விருந்தினராகப் பேழை மாறிவிடும்.

மூன்றாவது மொழியில்தான் சிக்கல் முழுவதும் உள்ளது. காலப்பேழைக்குக் கோப்பு பரிமாற இரண்டே மொழிகள் தெரியும். ஒன்று ஏஎஃப்பி, 1980-களில், ஆப்பிள்டாக் வலையமைப்பும் ஆப்பிள்ஷேர் வழங்கியும் இருந்த நாளில் பிறந்தது. மற்றொன்று எஸ்எம்பி, ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்து மைக்ரோசாஃப்டில் வளர்ந்தது. அதிலும் பேழைக்குத் தெரிந்தது முதற்பதிப்பு மட்டுமே. விஸ்டா இயங்குதளத்தோடு இரண்டாம் பதிப்பு வந்த பின்னரே காலப்பேழை பிறந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பிறக்கும்போதே ஒரு தலைமுறை பின்தங்கிய மொழியைக் கற்றுப் பிறந்தது எனலாம். கடைசி வரை அது திருத்தப்படவேயில்லை.

எஸ்எம்பி முதற்பதிப்பின் முடிவு கொடியது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல், விண்டோசில் அப்பதிப்பு இயங்கிய முறையிலிருந்த ஓட்டை வழியே உலகெங்கும் பரவிற்று. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளும் தப்பவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ்-10 பதிப்பிலிருந்து அம்மொழியை இயல்பாக நிறுவுவதையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆகவே விண்டோஸ் கணினி பேழையோடு பேச விரும்பினால், கைவிடப்பட்ட கதவொன்றை வலிந்து திறந்துவைக்க வேண்டும். நாம் அதனைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஏஎஃப்பியின் முடிவு ஓசையற்றது. 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பு, எஸ்எம்பி இரண்டாம் பதிப்பை மேகின் முதன்மைக் கோப்பு மொழியாக்கிற்று. 2017-இல் அறிமுகமான ஏபிஎஃப்எஸ் என்னும் புதிய தட்டமைப்பை ஏஎஃப்பி வழியே பகிரவே இயலாது. 2020-இன் பிக் சர் பதிப்பில், மேக் கணினி ஏஎஃப்பி மொழியில் கோப்பு வழங்கும் பகுதி நீக்கப்பட்டது. கேட்டு வாங்கும் பகுதி மட்டும் எஞ்சியது. 2025-இல், சிக்கோயா 15.5 பதிப்பின் குறிப்புகளில், அதுவும் வழக்கொழிந்ததென்றும் வருங்காலப் பதிப்பொன்றில் நீக்கப்படுமென்றும் ஆப்பிள் அறிவித்தது. முதலில் பேச்சு நின்றது. பின்னர்க் கேள்வியும் நிற்கும். மொழிகள் இறக்கும் முறையும் இதுதானே? பேசுவோர் குறைவர், கேட்டுப் புரிந்துகொள்ளும் முதியோர் சில காலம் எஞ்சியிருப்பர்.

தமிழ் இணைய வாசகர்க்கு இவ்வனுபவம் புதிதன்று. டிஸ்கி எழுத்துருவில் 2000-ஆம் ஆண்டு தட்டச்சிட்ட கட்டுரையை இன்று நேரே திறந்து பாருங்கள். ஓர் எழுத்தும் அழியவில்லை. ஒரு பைட்டும் குறையவில்லை. ஆயினும் திரையில் தெரிபவை ஐரோப்பிய எழுத்துகளின் கிறுக்கல்களே. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தாப், தாம் என வேறு இரு குறிமுறைகளும் வந்தன; 2010-இல் தமிழக அரசு யூனிக்கோடை ஏற்றது. இடையில் எழுதியோர் பலரின் கோப்புகள் மாற்றிகளின் துணையின்றிப் பேசா. மாற்றிகளை எழுதி இலவசமாக வழங்கிய ஆர்வலர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

கோப்பு மொழிகளிலும் அத்தகைய ஆர்வலர் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய சாம்பா, எஸ்எம்பி மொழியைக் கட்டற்ற மென்பொருளாக்கிற்று. ஏஎஃப்பி மொழிக்கு நெட்டாடாக் அதே தொண்டைச் செய்கிறது. 2018 மார்ச்சில் வெளிவந்த சாம்பா 4.8 பதிப்பு, எந்த லினக்ஸ் கணினியையும் டைம் மெஷின் ஏற்கும் காப்பிடமாக ஆக்கியது. அடுத்த மாதமே ஆப்பிள் தன் பேழையைக் கைவிட்டது. தற்செயல்தான் என்றாலும், பொருத்தமான தற்செயல். பழைய கணினியொன்றில் லினக்ஸும் சாம்பாவும் நிறுவினால், காலப்பேழையின் பணியை இன்றைய மொழியில் அது செய்யும்.

பாதுகாப்பு குறித்து ஒரு சொல். பேழைக்கான கடைசி உள்மென்பொருள் திருத்தங்கள் 2019-இல் வந்தன: ஐந்தாம் தலைமுறைக்கு 7.9.1, முந்தையவற்றிற்கு 7.8.1. ஆகவே வெளியிணையத்திலிருந்து அதன் தட்டை எட்டும் வசதி திறந்திருந்தால் மூடிவிட வேண்டும். வீட்டிற்குள் மட்டும் அது இருக்கட்டும்.

நண்பருக்கு நாம் கூறிய விடை இதுவே: சேர்க்கலாம்; இரண்டாம் நகலாக மட்டும். முதல் நகல், கணினியோடு நேரே இணைத்த புதிய வன்தட்டில் இருக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேல் சுழன்ற தட்டை ஒரே புகலிடமாகக் கொள்வது அறிவுடைமையன்று. அதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. பேழைக்குள் ஏற்கெனவே கிடப்பவற்றை, பழைய மொழி புரியும் மேக் கைக்கெட்டும் போதே வெளியே எடுத்துவிட வேண்டும்.

அதற்குரிய வழியைப் பேழையே வைத்திருக்கிறது. பின்புறத்தில் ஒரு யுஎஸ்பி துளை உள்ளது. மேக் முறையில் வடிவமைத்த வெளித்தட்டு ஒன்றை அதில் செருகி, ஏர்போர்ட் யுடிலிட்டியின் தட்டுகள் பகுதியில் 'ஆர்க்கைவ்' என்பதை அழுத்தினால், உள்தட்டு முழுவதும் வெளித்தட்டிற்குப் படியெடுக்கப்படும். அவ்வேளையில் வேறெவரும் பேழையைப் பயன்படுத்தலாகாது. படியெடுத்த தட்டை மேக் கணினியில் நேரே செருகினால், ஸ்பார்ஸ் பண்டில் உறை சாதாரணக் கோப்பைப் போலவே திறக்கும். இடையில் ஏஎஃப்பிக்கு வேலையில்லை.

நண்பர் இல்லத்தில் மாலை தொடங்கிய அப்பணி மறுநாட் காலையில்தான் நிறைவுற்றது. தட்டின் மேல் ஒட்டிய தாளில் நண்பர் தம் கையால் எழுதி வைத்தார்: எந்த ஆண்டின் நகல், எவருடைய கணினியினது, மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் அமைப்பு, டைம் மெஷின் உறை, நேரே செருகித் திறக்கவும். அத்தாளின் படியொன்று அவருடைய நூலடுக்கில், அகராதிக்குள் இருக்கிறது.